அழுகண்ணியிடம் சொல்லிக்கொண்டு போன விட்டில்

செடிக்கும் பூச்சிக்கும் வாய்ப்பேச்சு இருந்த அந்தக் காலத்தில், இலைகளுக்குச் சொந்தக்காரர் என்று யாரும் கிடையாது. இன்றைக்கு எருக்கிலையில் வரி போட்ட புழுவும் எலுமிச்சை இலையில் பச்சைப் புழுவும் இது எங்கள் வீடு என்று இருக்கிறார்கள் அல்லவா, அப்போது அப்படி இல்லை. யார் எந்த இலையை வேண்டுமானாலும் தின்னலாம். அதனால் தினமும் சண்டை. ஒரே கொழுந்தில் ஏழு பேர் வாய் வைப்பார்கள். செடி மொட்டையாகிவிடும். ஏழு பேரும் பட்டினி கிடப்பார்கள்.

சண்டை போட்டு அலுத்துப்போய், கடைசியில் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். ஐப்பசியில் முதல் பெருமழை பெய்து ஓய்ந்து வெயில் எட்டிப் பார்க்கிற நாள், இலை கேட்கும் நாள். முட்டை சுமக்கிற தாய், தனக்குப் பிடித்த செடியிடம் போய், அதன் இலையை முன்னங்காலால் மூன்று முறை தட்டி, "இலை உண்டா?" என்று கேட்க வேண்டும். செடிக்குச் சம்மதம் என்றால் "உண்டு" என்று சொல்லும். அதோடு அந்தச் செடி அவளுக்கும் அவள் வம்சத்துக்கும் வீடாகிவிடும். இலையைத் தட்டாமல் தூர நின்று கேட்டால் அது கேட்டதாகாது. கேட்காமல் திருட்டுத்தனமாக முட்டை வைத்தால், அந்த இலை பிள்ளைகளின் வாயில் கசந்துபோகும். ஒரு கடிக்கு மேல் இறங்காது. கேட்பதும் உண்டு என்பதும் அன்று பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட வேண்டும்.

அந்த மலையடிவாரத்தில் ஒரு சின்ன விட்டில் இருந்தாள். உடம்பு என்று பார்த்தால் ஒரு சீரகம் அளவுதான். ஆனால் சிறகு அந்தச் சீரக உடம்புக்குக் கொஞ்சமும் பொருந்தாத அகலம். தவிட்டு நிறத்தில், கிழிசலோ இடைவெளியோ இல்லாத ஒரே பட்டு. ஓரத்தில் வெள்ளி இழை ஓடும். அவள் பறந்தால் காற்றில் ஒரு தாவணி தனியாகப் போவதுபோல இருக்கும். அதனால் அவள் பெயரே தாவணி என்று ஆகிவிட்டது. கல்யாணமாகி, வயிற்றில் இருபத்தேழு முட்டை வந்த பிறகும் பெயர் மாறவில்லை.

அவளுடைய வீட்டுக்காரன் மழைக்கு முந்தின காற்றில் அடித்துக்கொண்டு போய்விட்டான். விட்டில் ஆண்களுக்கு ஆயுள் கொஞ்சம்தான், அதில் அதிசயம் இல்லை. காற்று வந்த வேகத்தில் அவனுக்குச் சொல்லிக்கொள்ளக்கூட நேரம் கிடைக்கவில்லை. அதுதான் அவளுக்கு ஒரு மாதிரியாக இருந்தது. சிறகை நீவிக்கொண்டிருக்கும்போது சில சமயம் கை அப்படியே நின்றுவிடும்.

இலை கேட்கும் நாள் வந்தது. தாவணி ஒரு பாறைமேல் உட்கார்ந்து சிறகை உலர்த்திக்கொண்டிருந்தாள். முந்தின நாள் மழையில் நன்றாக நனைந்திருந்தாள். அவ்வளவு அகலமான பட்டு காய்வதற்கு நேரம் பிடிக்கும். காய்ந்த பிறகும் வலது பக்கத்தில் ஒரு சுருக்கம் போகவே இல்லை. நீவினாள். திருப்பிப் போட்டு நீவினாள். சூரியன் உச்சிக்கு வந்து, அந்தப் பக்கம் இறங்கவும் தொடங்கிவிட்டது.

அந்த வழியாக எலுமிச்சைப் பட்டாம்பூச்சி போனாள். கறுப்பும் மஞ்சளுமாக, அன்றைக்குக் காரியம் முடித்த நிம்மதியில் ஆடி ஆடிப் போனாள்.

"ஏட்டி தாவணி! இன்னுமா உலத்துத?"

"ஒரே ஒரு சுருக்கம் நிக்கு மதினி. அதை நீவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்."

"சரிதான். நீவி எடுத்துப் பிள்ளைங்களுக்கு ஊட்டப் போறியாக்கும். எருக்கு போச்சு, ஆவாரை போச்சு, ஆமணக்கு காலையிலயே போச்சு. எலுமிச்சை எனக்கு ஆச்சு. வேலிப்பருத்தி கிட்ட ரெண்டு பேர் அடிச்சுக்கிட்டு நிக்காங்க. நீ இங்க பட்டுக்கு இஸ்திரி போட்டுக்கிட்டு இரு."

தாவணி அப்போதுதான் சூரியனை அண்ணாந்து பார்த்தாள். சுருக்கத்தோடேயே எழும்பிப் பறந்தாள்.

ஆவாரை உண்மையிலேயே வருத்தப்பட்டது. "நேத்தே ஒரு வார்த்தை சொல்லிருந்தா ஒரு கிளையை ஒதுக்கி வச்சிருப்பேனே, தாயி." நாயுருவியில் இலைக்கு இலை ஆள் உட்கார்ந்திருந்தது. தும்பை, "பூவுல தேன் வேணும்னா குடிச்சிட்டுப் போ. இலை முடிஞ்சு போச்சு" என்றது. ஒரு கீழாநெல்லியைத் தட்டிக் கேட்டாள். அது, "உன் பிள்ளைங்க எத்தனை?" என்று கேட்டது. இருபத்தேழு என்றாள். கீழாநெல்லி தன்னை மேலும் கீழும் பார்த்துக்கொண்டது. "எனக்கே இருபத்தேழு இலை தேறாதே புள்ள" என்றது.

பொழுது மலைக்கு மேலே ஒரு பனை உயரத்தில் நின்றது. முட்டைகள் வயிற்றில் கனத்தன. நாளைக்கு மேல் அவளால் அவற்றைத் தாங்க முடியாது. மண்ணில் உதிர்த்துவிட்டால் எறும்புக்குத்தான். தாவணி ஈர மண்ணில் இறங்கி, தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தாள்.

காலடியில் மண் பெயர்ந்தது. பிள்ளைப்பூச்சி ஒன்று, மண்வெட்டி போன்ற முன்னங்கையால் வழி பறித்துக்கொண்டு, தலையை நீட்டியது.

"யாரு அது கூரைமேல உக்காந்து அழுகது? கீழ நான் குடியிருக்கேன்."

"அண்ணாச்சி, எனக்கு இலை கிடைக்கலை" என்றாள் தாவணி. நடந்ததை எல்லாம் சொன்னாள். சுருக்கத்தை நீவினதையும் ஒளிக்காமல் சொன்னாள்.

பிள்ளைப்பூச்சி கொஞ்ச நேரம் மீசையை ஆட்டிக்கொண்டு யோசித்தது. "ஒருத்தி இருக்கா. அவகிட்ட இன்னும் யாரும் கேக்கலை."

"யாரு?"

"கேக்கப் போனவங்க யாரும் திரும்பலைன்னும் சொல்லலாம். அந்தப் பாறைக்குக் கீழே தண்ணி கசியுதுல்லா, அங்கதான் இருக்கா. அழுகண்ணி. நான் அவ வேர் வழியாத்தான் தினமும் போய் வாரேன். ரெண்டு வார்த்தை பேசிக்கிடுவோம். வேர்ப் பக்கம் தங்கமானவ. மேல்பக்கந்தான் ஆபத்து."

பாறைக்குக் கீழே வெறும் மணலும் கசிவு நீரும்தான். கோரையைத் தவிர அங்கே வேறு ஒன்றும் முளைப்பதில்லை. தாவணி ஒரு கோரைத் தாளில் உட்கார்ந்து பார்த்தாள்.

அழுகண்ணி உள்ளங்கையில் பாதி அகலம்கூட இல்லை. மண்ணோடு ஒட்டி வட்டமாக விரிந்திருந்தாள். கரண்டி கரண்டியாகச் சின்னச் சிவப்பு இலைகள். ஒவ்வொரு இலையிலும் ஊசி ஊசியாக மயிர். ஒவ்வொரு மயிரின் நுனியிலும் ஒரு சொட்டு. சாய்வெயில் அந்தச் சொட்டுகளுக்குள் புகுந்து மினுங்கியது. நடுவிலிருந்து ஒரு விரல் நீளத்துக்கு வழவழவென்று ஒரு பூங்காம்பு எழும்பி, உச்சியில் நாலைந்து வெள்ளைப் பூவோடு நின்றது. ஓர் இலை மட்டும் மூடியிருந்தது. அதற்குள்ளிருந்து ஒரு கொசுவின் கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"கிட்ட வராதே" என்றாள் அழுகண்ணி, முதல் வார்த்தையாக.

"வரலை அக்கா. கோரையிலதான் இருக்கேன்."

"அங்கயும் பாத்து இரு. காத்து அடிச்சா கோரை என் பக்கம் சாயும்."

"அழுதுகிட்டா இருக்கீங்க?"

"எல்லாரும் அதைத்தான் கேக்காங்க. கேட்டுக்கிட்டே கிட்ட வந்துருதாங்க."

தாவணிக்குச் சிரிப்பதா பயப்படுவதா என்று தெரியவில்லை. அழுகண்ணியே பேசினாள். ரொம்ப நாள் மேல்பக்கம் பேச்சுத்துணை இல்லாதவள், ஆள் கிடைத்ததும் நிறுத்த முடியவில்லை.

"இந்த மண்ணைப் பாரு. சாரமே கிடையாது. நான் கேட்டும் பாத்தேன், இது தண்ணியைத் தவிர ஒண்ணும் தராது. மண்ணு போடாத சோத்தை நான் எங்க போய்த் தேட? எனக்கு நடக்க முடியுமா, பறக்க முடியுமா? வாறவங்களைத்தான் திங்கணும். அதைக் குத்தம்னு நான் நினைக்கலை. பசிக்குத்தானே."

"பசிக்குத்தான் அக்கா."

"ஆனா ஒண்ணு. முளைச்ச நாள்லேருந்து எத்தனை பேரை வாங்கன்னு சொல்லிருப்பேன்! அதுல போயிட்டு வாரேன்னு எங்கிட்ட ஒருத்தர்கூடச் சொன்னதில்லை. தும்பைகிட்ட வண்டுங்க சொல்லிட்டுப் போறது காத்துல கேக்கும். உடனே தும்பை, பாத்துப் போயிட்டு வான்னு சொல்லும். ஒரு நாள் நானும் யார்கிட்டயாவது அப்படிச் சொல்லணும்னு எனக்கு ஒரு நினைப்பு. சிரிக்காத."

தாவணி சிரிக்கவில்லை. காற்றில் போனவனை நினைத்துக்கொண்டிருந்தாள்.

பிறகு, "அக்கா, எனக்கு இலை வேணும்" என்றாள்.

"எங்கிட்டயா?" அழுகண்ணியின் சொட்டுகள் எல்லாம் ஒரு தடவை குலுங்கின. "என்னையப் பாத்தா இலை கேக்கத் தோணுதா உனக்கு?"

"வேற யார்கிட்டயும் இல்லை. பொழுது சாயப் போகுது. இருபத்தேழு பிள்ளைங்க."

அழுகண்ணி தன் இலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பார்த்து முடிப்பதற்குள் சூரியன் இன்னும் ஒரு சாண் இறங்கியது.

"தாரேன். உன் பிள்ளைங்க தின்னுக்கிடட்டும். ஆனா வளந்து சிறகு முளைச்சுப் போறப்போ, ஒவ்வொண்ணும் எங்கிட்டச் சொல்லிட்டுப் போகணும். அது போதும்."

"சொல்லி வளக்கேன் அக்கா. இது சத்தியம்."

"வாயால சொன்னா ஆச்சா? தட்டிக் கேக்கணுமே." அழுகண்ணியின் குரல் மெலிந்தது. "நான் சொல்லுதபடி கேளு. இலைக்குப் பின்பக்கம் எனக்கு இந்த ஊசிக் கை கிடையாது, ஒட்டுத சொட்டும் கிடையாது. பூங்காம்புல வழுக்கும், ஆனா ஒட்டாது. அது வழியா தலைகீழா இறங்கு. எட்டிப் பின்பக்கத்தைத் தட்டு. முட்டையையும் அங்கேயே வை. ஆனா சிறகை இறுக்கி மடிச்சுக்கிடணும், தெரியுதா? பட்டுச்சுன்னா, என் கை என் பேச்சைக் கேக்காது. நானே வேண்டாம்னாலும் மூடிக்கிடும்."

தாவணி பூங்காம்பின் உச்சியில் போய் உட்கார்ந்தாள். சிறகை மடித்தாள். பிறந்த நாளிலிருந்து அவள் அதை இறுக்கி மடித்ததே இல்லை. இறுக்கினால் மடிப்பு விழும், மடிப்பு விழுந்தால் போகாது. உயிருக்கே ஆபத்து என்று தெரிந்தும் பழக்கம் விடவில்லை. லேசாக, அரைகுறையாக ஒடுக்கிக்கொண்டு இறங்கினாள்.

காலை எட்டி எட்டி வைத்து, ஓர் இலையின் பின்பக்கத்தைத் தொட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று.

"இலை உண்டா?"

"உண்டு" என்றாள் அழுகண்ணி. அதைச் சொல்லும்போது சூரியனின் கடைசி விளிம்பு மலைமேல் இருந்தது.

தாவணி முட்டை வைக்கத் தொடங்கினாள். ஒவ்வொன்றாக, இடம் பார்த்து, இலைக்குப் பின்னால் ஒட்டினாள். பதினைந்து ஆயிற்று. அப்போது கோரையை அசைத்துக்கொண்டு ஒரு சின்னக் காற்று வந்தது. அது பெரிய காற்றுகூட இல்லை. இறுக்காமல் விட்டிருந்த சிறகின் ஓரம் ஒரு பக்கமாக விரிந்து, பக்கத்து இலையின் ஒரே ஒரு சொட்டில் போய் முட்டியது.

இழுத்தாள், வரவில்லை. இழுத்ததில் இன்னொரு சொட்டு ஒட்டியது. பிறகு மூன்றாவது. அடுத்த பக்கத்துச் சிறகும் சரிந்து மற்றொரு இலையில் படிந்தது.

"ஐயோ பாவி! இறுக்குன்னு சொன்னேனே!" என்று அழுகண்ணி அலறினாள். இலை மயிர்கள் மெல்ல, அவசரமே இல்லாமல், விரல் மடக்குவதுபோல உள்நோக்கி வளைய ஆரம்பித்தன. "நான் மூடலை. நான் மூடலை பாத்துக்கோ. அதுவா மூடுது."

"தெரியும் அக்கா. எவ்வளவு நேரம் ஆகும்?"

"இருட்டுததுக்குள்ள மூடிரும்."

"அப்போ இன்னும் பன்னெண்டு இருக்கு. வச்சிருதேன்" என்றாள் தாவணி.

வைத்தாள். சிறகு இரண்டும் மாட்டிக்கொண்டிருக்க, உடம்பை மட்டும் வளைத்து, எட்டின இலையில் எல்லாம் வைத்தாள். இருபத்தேழாவதையும் வைத்தாள். பிறகு அசையாமல் தொங்கினாள்.

"ஆச்சு அக்கா. இனி நீங்க உங்க வேலையைப் பாருங்க. நான் கோபிச்சுக்கிட மாட்டேன்."

"என்ன பேச்சுப் பேசுத! நான் கோபிச்சுக்கிடுவேன். நீயும் போகாம இங்கேயே கிடந்தா, உன் பிள்ளைங்களுக்கு யாரு சொல்லிக் குடுப்பா? போறவங்க சொல்லுத அந்தச் சொல்லை நான் சொல்லிப் பழகினதில்லையே. எங்கிட்ட யாரும் சொன்னதே இல்லையே. கிழிச்சுக்கிட்டுப் போ, ஏட்டி!"

"எதை?"

"எதைன்னு கேக்கா பாரு. உன் பட்டைத்தான்."

தாவணி சிறகைத் திரும்பிப் பார்த்தாள். காலையிலிருந்து நீவி நீவிப் போகாமல் இருந்த அந்தச் சுருக்கம், ஒட்டி இழுபட்டதில் போயிருந்தது. பட்டு வழவழவென்று இருந்தது. ஒரு நாளும் அவ்வளவு நன்றாக இருந்ததில்லை.

கீழே மண்ணுக்குள்ளிருந்து பிள்ளைப்பூச்சியின் குரல் கேட்டது. "வேர் எல்லாம் நடுங்குதே, மேல என்ன நடக்கு?"

தாவணி கண்ணை மூடிக்கொண்டு முன்சிறகின் நரம்புக்குப் பக்கத்தில் வாயை வைத்துக் கிழித்தாள். முன்சிறகு ஒவ்வொன்றும் இரண்டு கீற்றாயிற்று. பின்சிறகில் அதிகம் ஒட்டியிருந்தது. அவை ஒவ்வொன்றும் மூன்று கீற்றாயின. நரம்பு மட்டும் அவளோடு வந்தது. நரம்புகளுக்கு இடையிலிருந்த பட்டு சொட்டுகளிடம் தங்கிவிட்டது. கிழிந்த ஓரமெல்லாம் நூல் நூலாகத் தொங்கி, இறகுபோல ஆகிவிட்டது.

விழுந்துவிடுவோம் என்று நினைத்துக்கொண்டுதான் துள்ளினாள். விழவில்லை. இடைவெளி வழியாகக் காற்று ஓட, நூல்கள் அதைப் பிடித்துக்கொள்ள, தள்ளாடித் தள்ளாடிக் கோரைக்குப் போய்ச் சேர்ந்தாள். அங்கே மூச்சு வாங்கினாள். அப்புறம், ஏதோ மறந்தது நினைவு வந்தவள்போல, மறுபடி எழும்பி அழுகண்ணியைச் சுற்றி ஒரு வட்டம் வந்தாள். சொட்டில் படாத உயரத்தில் வந்தாள்.

"போயிட்டு வாரேன் அக்கா."

அழுகண்ணி எத்தனையோ தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்த பதில்தான். ஆனாலும் தடுமாறிற்று.

"வா... பாத்து... பாத்துப் போயிட்டு வா."

தாவணியின் பட்டு ஒட்டியிருந்த அந்த இரண்டு இலைகளையும் அழுகண்ணி பல நாள் திறக்கவே இல்லை. பட்டில் தின்பதற்கு ஒன்றும் கிடையாது. சும்மா மூடி வைத்திருந்தாள்.

ஒரு வாரத்தில் முட்டை பொரிந்தது. புழுக்கள் ஊசி முனை அளவுக்கு இருந்தன. உடம்பெல்லாம் மயிர். அழுகண்ணி, அவை வெளியே வந்த காலையிலேயே, ஒவ்வொரு மயிர் நுனியிலும் தன் சொட்டில் ஒரு துளியூண்டு தடவிவிட்டாள். அதற்குப் பிறகு அவளுடைய கைகளுக்குத் தன் விரல் எது, புழுவின் மயிர் எது என்று தெரியவில்லை. பிடிக்காமல் விட்டுவிட்டன.

பிள்ளைகள் முதலில் சொட்டைக் குடித்தன. சொட்டு தீர்ந்ததும் அந்த மயிரைத் தின்றன. மயிர் தீர்ந்ததும் இலையைத் தின்றன. வெயில் ஏறும்போது பூங்காம்பின் அடியில் போய் ஒடுங்கிக்கொள்ளும், வெயில் தாழ்ந்ததும் மறுபடி வந்து தொடங்கும்.

"பெரியம்மா, இந்தச் சொட்டு இனிக்கி."

"பெரியம்மா, இவன் என் இலையில வாய் வைக்கான்."

"பெரியம்மா, ஒரு கொசு வந்து ஒட்டிருக்கு. நீங்க சாப்பிடுங்க, நாங்க அந்தப் பக்கம் போயிக்கிடுதோம்."

தாவணி தினமும் சாயங்காலம் கோரையில் வந்து உட்காருவாள். சிறகுக் கீற்றுகளை உருட்டி ஒன்றாக்கி, இரண்டு பக்கமும் குச்சிபோல நேராக நீட்டிக்கொள்வாள். விரித்து வைத்தால் மறுபடி எங்கேயாவது படும் என்ற பயம். பிள்ளைகளுக்குத் தினமும் ஒரே பாடம்தான். "போகும்போது என்ன சொல்லணும்?" என்று கேட்பாள். வாய் நிறைய இலையோடு எல்லாம் கத்தும். கடைசியாகப் பிறந்த இருபத்தேழாவது மட்டும், "நான் போகவே மாட்டேன்" என்று சொல்லும். அதையும் தினமும் சொல்லும்.

ஒரு நாள் எலுமிச்சைப் பட்டாம்பூச்சி வந்து பார்த்தாள். கிட்ட வரப் பயந்து உயரத்திலேயே நின்றாள்.

"ஏட்டி! என்னளா இப்படிக் கந்தலா நிக்க? உன் பட்டு எங்க?"

"கந்தல்தான் மதினி" என்றாள் தாவணி. "ஆனா ஒண்ணு, மழையில நனைஞ்சா இப்ப உடனே காயுது."

பிள்ளைப்பூச்சிக்குத்தான் கவலை. மண்ணுக்குள்ளிருந்து தலையை நீட்டி அழுகண்ணியிடம் கேட்டது. "உனக்கு இனி ரெண்டு இலைதான் மிச்சம். இந்தப் பிள்ளைங்க உன்னையே தின்னுத் தீத்துரும் போலிருக்கே?"

"தின்னட்டும் அண்ணாச்சி. நான் எத்தனை பேரைத் தின்னிருக்கேன்" என்றாள் அழுகண்ணி. "வேர் நல்லாத்தான இருக்கு? பாத்துச் சொல்லுங்க."

"வேருக்கு ஒண்ணும் இல்லை. வேர் தங்கம்."

கார்த்திகை மழை வந்தது. மூன்று நாள் விடாமல் பெய்தது. நாலாம் நாள் கோரைத் தாளில் யாரும் இல்லை. தாவணிக்கு வயதாகிவிட்டிருந்தது. மழைக்கு முந்தின சாயங்காலமும் அவள் வழக்கம்போல ஒரு வட்டம் சுற்றி, சொல்லிக்கொண்டுதான் போயிருந்தாள். அழுகண்ணியும் பதில் சொல்லியிருந்தாள். அதனால் அவளுக்கு அழத் தோன்றவில்லை. கோரையை மட்டும் அடிக்கடி பார்த்துக்கொண்டாள்.

மழையில் எட்டுப் பிள்ளைகள் போயின. மிச்சம் பத்தொன்பது. அவை பூங்காம்பில் ஏறி, வாலை ஒட்டிக்கொண்டு, தலைகீழாகத் தொங்கி, பேச்சை நிறுத்திக்கொண்டன. தோல் காய்ந்து கூடாயிற்று. பூங்காம்பு முழுவதும் காய் காய்த்ததுபோல் இருந்தது.

அழுகண்ணிக்கு அப்போதுதான் பயம் வந்தது. கூட்டுக்குள் போனவர்கள் எல்லாவற்றையும் மறந்துவிட்டுத்தான் வெளியே வருவார்கள் என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தாள். புழுவாக இருந்ததையே மறந்தவர்களுக்குப் பெரியம்மாவை எங்கே நினைவிருக்கும்? நினைவுபடுத்தக் கோரையிலும் ஆள் இல்லை.

"நான் வேணும்னா மேல வந்து நிக்கட்டுமா? ஒவ்வொருத்தனையும் பிடிச்சுச் சொல்ல வைக்கேன்" என்றது பிள்ளைப்பூச்சி.

"வேண்டாம் அண்ணாச்சி. சொல்லச் சொல்லி வாங்குனா அது சொல்லா?"

பதினோராம் நாள் காலையில், வெயில் பூங்காம்பைத் தொட்டதும், முதல் கூடு வெடித்தது. மூத்தவன் வந்தான். ஈரச் சிறகைத் தொங்கவிட்டுக் காயப் போட்டான். அது கிழிந்தே பிறந்திருந்தது. முன்னால் இரண்டு கீற்று, பின்னால் மூன்று கீற்று, ஓரமெல்லாம் நூல். இரண்டு நிமிஷத்தில் காய்ந்துவிட்டது. அவன் கீழே குனிந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு துள்ளுத் துள்ளி, பாறையைத் தாண்டி, நேராகப் போய்விட்டான்.

அழுகண்ணி அவன் போன பக்கத்திலிருந்து பார்வையைத் திருப்பிக்கொண்டாள். பிள்ளைப்பூச்சி தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. அதற்கும் பார்க்கப் பிடிக்கவில்லை.

கொஞ்ச நேரம் போனது. பாறைக்கு அந்தப் பக்கமிருந்து தவிட்டு நிறத்தில் ஒன்று, ஒரு பக்கம் சாய்ந்து, ஒரு பக்கம் நிமிர்ந்து, கோரையில் இடித்து, திரும்பி வந்தது.

"பெரியம்மா! போயிட்டான்னு நினைச்சிட்டீங்களா?" மூத்தவனுக்கு மூச்சு வாங்கியது. "சிறகு புதுசு. பறக்கத் தெரிஞ்சுது, திரும்பத் தெரியலை. நேரா போயிக்கிட்டே இருக்கு. ஒரு ஆவாரையில முட்டித்தான் திரும்புனேன்."

அவன் அவளைச் சுற்றி ஒரு வட்டம் வந்தான். கோணலான வட்டம்.

"போயிட்டு வாரேன் பெரியம்மா."

"பாத்துப் போயிட்டு வா" என்றாள் அழுகண்ணி. இந்தத் தடவை தடுமாறவில்லை.

அன்றும் மறுநாளும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பத்தொன்பதும் சுற்றின, பத்தொன்பதும் சொல்லின. கடைசியில் வந்தது, போகவே மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்த கடைக்குட்டி. பெண். அவள் மூன்று வட்டம் சுற்றினாள். "நான் சும்மா பாத்துட்டு வந்துருவேன்" என்றாள்.

பிறகு அங்கே கோரையும் மணலும் அழுகண்ணியும்தான். இரண்டே இலை. பிள்ளைப்பூச்சி வேர்ப் பக்கம் வந்து, "வீடு வெறிச்சுன்னு இருக்கா?" என்று கேட்டது.

"இல்லை அண்ணாச்சி. ஆள் போன வீடு இப்படித்தான் இருக்கும்போல. நல்லாத்தான் இருக்கு" என்றாள் அழுகண்ணி.

நடுவில் சுருட்டிக்கொண்டு ஒரு புது இலை வந்தது. அப்புறம் இன்னொன்று. பசியும் வந்தது, மண் அப்போதும் எதுவும் தரவில்லை. கொசுக்கள் வந்தன. அவள் தன் வேலையைப் பார்த்தாள். வட்டம் மறுபடி நிறைந்தபோது தை பிறந்திருந்தது.

ஒரு சாயங்காலம் பூங்காம்பின் உச்சியில் ஏதோ வந்து உட்கார்ந்தது. சிறகை நன்றாக இறுக்கி, குச்சியாக உருட்டியிருந்தது. தலைகீழாக இறங்கிற்று. இலையின் பின்பக்கத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று தட்டிற்று.

"இலை உண்டா பெரியம்மா?"

கடைக்குட்டி. வயிறு கனத்திருந்தாள். அன்று இலை கேட்கும் நாள் இல்லை, வம்சத்துக்கே வீடான செடியிடம் கேட்கவும் தேவையில்லை, இருந்தும் தட்டிக் கேட்டாள். அழுகண்ணி, பிள்ளைகள் போகும்போது சொல்லும் சொல்லைத்தான் வேண்டும் என்று கேட்டிருந்தாள். அந்தச் சொல்லுக்குள்ளேயே திரும்பி வருவதும் இருக்கிறது என்பது அவளுக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

"உண்டு, உண்டு" என்றாள்.

அந்த வருஷத்திலிருந்துதான், தாவணியின் வம்சமான இறகு விட்டிலின் சிறகு முன்னால் இரண்டும் பின்னால் மூன்றுமாகப் பிளந்திருக்கிறது. உட்காரும்போது அதை உருட்டி இரண்டு பக்கமும் குச்சிபோல நீட்டிக்கொள்கிறது. எல்லாரையும் பிடிக்கிற அழுகண்ணி அதன் பிள்ளைகளை மட்டும் தொடுவதில்லை. கூட்டைவிட்டு வந்த விட்டில், கிளம்பும் முன் இன்றைக்கும் அவளைத் தாழ்வாக ஒரு வட்டம் சுற்றுகிறது, முட்டை வந்ததும் வேறு எந்தச் செடியையும் தேடாமல் அவளிடமே வந்து சேர்கிறது.